பயோடேட்டாவில் விட்டுப்போன வரி

ஸப்பார், 3 மார்ச்

மார்ட்டீஸ் அவர்களுக்கு,

உங்கள் எண்ணை நான் தடுத்து வைத்திருக்கிறேனா, என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்களா என்பது நினைவில்லை. அதனால்தான் மின்னஞ்சல்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. இருபத்தாறு இடங்களுக்கு எழுதினேன். எல்லாம் நம் தொழில்தான், இணையச் சூதாட்ட நிறுவனங்கள். ஓரிடத்திலிருந்தும் அழைப்பு இல்லை. இப்போது சித்தப்பா மகனின் டைல்ஸ் கடை வேனை ஓட்டுகிறேன். ஜூனுக்குள் இந்தத் தீவில் ஒரு நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் மெல்பர்னில் இருக்கும் தன் அண்ணனிடம் போய்விடலாம் என்று ரொமில்டா சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் தவறில்லை. ஆனால் எனக்குப் போக விருப்பமில்லை.

ஸ்லீமாவில் ஒரு நிறுவனம் ஆட்டக்காரர் பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறது. ஏப்ரல் 30 கடைசி நாள். விசாரித்துக்கொள்ளக் கடைசி நிறுவனத்தின் விதிமுறைப் பிரிவுத் தலைவர் பெயரைக் கொடுக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் கட்டாயமாகக் கேட்கிறார்கள். அது நீங்கள்தான்.

பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன். உங்கள் பெயரைப் போடலாமா, கூடாதா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஜுர்கன் ப்சைலா


க்ஸீரா, 9 மார்ச்

ஜுர்கன்,

ஒன்பது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து 'வா, போ' என்றவன் இப்போது 'நீங்கள்' என்கிறாய். எனக்கு ஆட்சேபமில்லை. நான் பழையபடியே எழுதுகிறேன்.

என் பெயரைப் போடலாமா என்பதற்கு இப்போது பதில் இல்லை. பயோடேட்டாவைப் படித்தேன். அதற்குப் பதில் இருக்கிறது.

கறுப்புக் கண்ணாடி போட்ட படத்தை எடு. நான்கு பக்கத்தை இரண்டாக்கு. 'பேரார்வம் மிக்கவன்' என்ற சொல்லை எடு. போன வாரம் என் மேசைக்கு வந்த நாற்பது பயோடேட்டாக்களில் முப்பத்தேழு பேருக்குப் பேரார்வம் இருந்தது. ஒருவன், 'நானே தினமும் ஆடுகிறேன், ஆகவே ஆட்டக்காரர் மனம் எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தான். அவன்கூட உன்னைவிட விவரமாக எழுதியிருந்தான்.

'ஐரோப்பிய வாடிக்கையாளர்களைக் கையாண்டவர்' என்றால் என்ன அர்த்தம்? எத்தனை பேர், எந்தெந்த நாடு, சுழல் ஆட்டமா நேரலை மேசையா, எந்த நாட்டு உரிமத்தின் கீழ், எந்த மென்பொருளில்? இந்தத் தொழிலில் ஆள் எடுப்பவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான். 'பொழுதுபோக்குத் துறை' என்று எழுதாதே. சூதாட்டம் என்று எழுது. அவர்களுக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

முக்கியமானது இனிமேல்தான். 'ஆறு மாதத்தில் விஐபி வைப்புத் தொகையை அறுபது சதவீதம் உயர்த்தியவர்' என்பதை முதல் வரியாகப் போட்டிருக்கிறாய். விஐபி வேலை கேட்பவனுக்கு அது பதக்கம். நீ கேட்பது பாதுகாப்புப் பிரிவு வேலை. அங்கே அதே எண் குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். அதைப் படிப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, அந்த அறுபது சதவீதம் யார் யாருடையது என்பதாக இருக்கும்.

எண்களை நினைவிலிருந்து எழுதாதே. உன்னைப் பற்றிய கோப்பு முழுவதையும் கேட்டு வாங்க உனக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நம் கம்பெனிக்கு எழுது. ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

கடைசி வரி: 'நிறுவன மறுசீரமைப்பால் விலகல்.' அந்த அறையில் நானும் இருந்தேன்.

மார்ட்டீஸ்


ஸப்பார், 14 மார்ச்

மார்ட்டீஸ்,

சரி, நீயென்றே எழுதுகிறேன். திட்டுவதற்கும் அதுதான் வசதி.

உன் கடிதத்தை ரொமில்டாவிடம் காட்டினேன். பழைய பயோடேட்டாவையும் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "இதப் படிச்சா நானே உன்ன இன்னொரு தடவ கட்டிக்குவேன் ஜுர்கன். அதான் சந்தேகமா இருக்கு" என்றாள். உனக்குச் சாதகமாக ஒரு ஓட்டு.

கண்ணாடிப் படத்தை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமாக்கிவிட்டேன். கோப்பு கேட்டுப் பன்னிரண்டாம் தேதியே எழுதிவிட்டேன்.

ஆனால் அந்த அறையைப் பற்றி நீ பேசக் கூடாது. நீ அந்த அறையில் இருந்தது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அன்று காலையில்கூட நான் வாங்கி வந்த சூடான பஸ்தீட்ஸிப் பலகாரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாய். பதினோரு மணிக்கு விசாரணையில் அதே கையால் அந்த அழைப்பின் ஒலிப்பதிவை ஓடவிட்டாய். வெளியே வந்ததும் நான் கேட்டது இதுதான்:

"முந்தின நாளே எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாதுன்னு விதி."

"விதியா? என் கல்யாணத்துல சாட்சிக் கையெழுத்து போட்டவ நீ!"

"அதுவும் இதுவும் ஒண்ணா ஜுர்கன்?"

அதன் பிறகு நாம் பேசவில்லை.

ஃபின்பார் விஷயத்தில் நான் செய்தது தவறு. இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அப்படிச் செய்தவன் அந்த மாடியில் நான் ஒருவன் மட்டுமில்லை. மாதக் கடைசியில் விஐபி பட்டியலில் ஒரு பெயர் குறைந்தால் நம் மேலாளர் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியாதா? அகப்பட்டது நான். மற்றவர்கள் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள். சிலருக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டதாகக் கேள்வி.

ஜுர்கன்


க்ஸீரா, 20 மார்ச்

ஜுர்கன்,

முதலில் ஒன்று. ஆட்டக்காரர் பெயரை மின்னஞ்சலில் எழுதாதே. எண் 4417 என்று எழுது. பாதுகாப்புப் பிரிவுக்குப் போக நினைப்பவனுக்கு இதையெல்லாம் நான் சொல்லக் கூடாது.

மற்றவர்களும் அதையே செய்தார்கள் என்பது உண்மை. அதைப் பயோடேட்டாவில் எழுத முடியாது. நீ செய்ததை எழுத முடியும். ஒலிப்பதிவை நான் எழுத்தாக்கி வைத்திருக்கிறேன். உன் வேலை போவதற்கு முந்தின நவம்பர் 18, மதியம். நாற்பத்தைந்து நொடி அவர் தன் நாயைப் பற்றிப் பேசுகிறார். நீ நாயின் பெயரைச் சொல்லி விசாரிக்கிறாய். பிறகு:

"தம்பி, இந்தக் கணக்கக் கொஞ்சம் மூடி வையேன்."

"ஏன் சார், நம்ம சர்வீஸ்ல ஏதாச்சும் குறையா?"

"அதெல்லாம் இல்லப்பா. கடையில உக்காந்தாலும் இதே நினைப்பு. வீட்டம்மாவுக்குத் தெரியாது. எனக்கே பயமா இருக்கு."

"புரியுது சார். ஒரு மாசம் ஓய்வு எடுத்துக்கங்க. நான் பாத்துக்கறேன்."

கணக்கை மூடும்போது காரணம் கேட்டு ஒரு பெட்டி வரும். அதில் 'கட்டுப்பாடு இல்லை' என்று தேர்ந்தெடுத்தால் கணக்கு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எந்தக் கடிதமும் போகாது. நீ தேர்ந்தெடுத்தது 'ஓய்வு'. முப்பத்தொன்றாம் நாள், டிசம்பர் 19 அன்று, 'உங்களைக் காணோமே' என்று இலவசச் சுழற்சிகளோடு மென்பொருள் தானாகவே அவருக்குக் கடிதம் அனுப்பியது. அன்று மாலையே திரும்பி வந்தார். ஒன்பது வாரத்தில் லிமரிக்கில் இருந்த உதிரிபாகக் கடை போயிற்று. போன வருடம் மார்ச்சில் அவர் மனைவி நமக்கு எழுதினார்.

உன் பயோடேட்டாவில் விட்டுப்போனது இதுதான். பாதுகாப்புப் பிரிவில் ஆள் எடுப்பவர்களுக்கு இருக்கும் பெரிய பிரச்சினை, அந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் வகுப்பில் படித்துவிட்டு வருவது. ஓர் ஆட்டக்காரர் பயத்தைச் சொல்லும்போது அதைக் காதில் வாங்கியும் வாங்காத மாதிரி எப்படிப் பேசுவது என்பது உனக்குத் தெரியும். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடிக்கத் தெரிந்தவன் அவர்களுக்கு வேண்டும்.

இப்படித் தொடங்கலாம்: 'ஓர் ஆட்டக்காரரின் கணக்கைத் தவறான காரணத்தின் கீழ் மூடினேன். அதனால் பணிநீக்கம் செய்யப்பட்டேன். அந்தத் தவறு நிகழும் விதத்தை உள்ளிருந்து அறிவேன்.' மூன்று வாக்கியம் போதும். மன்னிப்பு வேண்டாம், அழுகை வேண்டாம்.

அன்று அந்தப் பஸ்தீட்ஸியை நான் எடுத்திருக்கக் கூடாது. அது எனக்கும் நினைவிருக்கிறது.

மார்ட்டீஸ்


ஸப்பார், 17 ஏப்ரல்

மார்ட்டீஸ்,

கோப்பு வந்தது. மொத்தம் 212 பக்கம். சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ரொமில்டாவும் நானும் இரண்டு மாலை படித்தோம்.

நீ கேட்ட எண்கள் எல்லாம் கிடைத்தன. என் பொறுப்பில் 143 ஆட்டக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். அயர்லாந்து, பின்லாந்து, கனடா. நினைவில் முந்நூறு என்று வைத்திருந்தேன்.

பக்கம் 141 ஒரு சோதனைத் தாள். அந்த நவம்பரில் மூடிய கணக்குகளில் நாற்பதை எடுத்து, ஒலிப்பதிவைக் கேட்டு, காரணம் சரியா என்று பார்த்து டிக் போட்ட தாள். மற்ற முப்பத்தொன்பதையும் கறுப்பாக மறைத்துவிட்டார்கள். மறைக்காத ஒரே வரி 4417. காரணம்: ஓய்வு. பக்கத்தில் ஒரு டிக். கீழே டிசம்பர் 4, மா.ஷு. என்று கையெழுத்து.

விதிமுறைப் பிரிவில் மார்ட்டீஸ் ஷுவெரெபைத் தவிர வேறு மா.ஷு. கிடையாது.

டிசம்பர் 4. அந்தக் கடிதம் போவதற்குப் பதினைந்து நாள் முன்னால்.

ரொமில்டா அந்தத் தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "இத வெச்சு அவளுக்கும் ஒரு அறை ரெடி பண்ணலாம்" என்றாள். நான் தாளை உறையில் போட்டுவிட்டேன்.

நீ சொன்ன மூன்று வாக்கியங்களையும் முதல் பக்கத்தின் மேலேயே போட்டுவிட்டேன். விண்ணப்பம் நாளை போகிறது. உன் பெயரைப் போடவில்லை. அந்த இடத்தில் நிறுவனத்தின் பொது முகவரியைக் கொடுத்திருக்கிறேன். உன்னைக் கூப்பிட்டு விசாரித்தால் இந்தத் தாளும் வெளியே வரும்.

ஜுர்கன்


க்ஸீரா, 19 ஏப்ரல்

ஜுர்கன்,

அது என் கையெழுத்துதான்.

அந்தத் தாளை எப்படி நிரப்புவோம் என்பது உனக்குத் தெரியாது. நாற்பது அழைப்புகளை இரட்டை வேகத்தில் கேட்போம். எல்லோரும் அப்படித்தான். இரட்டை வேகத்தில் எல்லாக் குரலும் உற்சாகமாக இருக்கும், பயப்படுகிறவனும் சிரிக்கிற மாதிரி. நாய்ப் பேச்சு வந்ததும் இது சாதாரண அழைப்பு என்று முடிவுசெய்து டிக் போட்டுவிட்டேன். மீதியைக் கேட்டேனா என்பது எனக்கு நினைவில்லை. கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நினைவில்லை.

இதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. உன் விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு ஆவணங்களை எடுக்கும்போது அந்தத் தாளைப் பார்த்தேன். ஊழியரின் பதிவுகளை மட்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சோதனைத் தாளைக் கேட்கவில்லை. நானும் கொண்டுவரவில்லை. 'சொல்லக் கூடாதுன்னு விதி' என்று உன்னிடம் சொன்னபோது அதுவும் என் மனதில் இருந்தது.

உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் போன மாதம் கறுப்புக் கண்ணாடியைப் பற்றி எழுதினேன்.

பக்கம் 141 உன்னுடையது. என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

மா.


ஸப்பார், 7 மே

மார்ட்டீஸ்,

நேற்று நேர்காணல். எட்டு மாதத்தில், இல்லை, பத்து மாதத்தில் இதுதான் முதல் அழைப்பு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பிரிவுத் தலைவி போர்டெல்லி என்பவர். ஐம்பது வயதிருக்கும். பயோடேட்டாவை மேசைமேல் வைத்து அந்த மூன்று வாக்கியத்துக்கு அடியில் விரலை வைத்தார்.

"இதுக்காகத்தான் உங்களக் கூப்பிட்டேன். இந்த வருஷம் நூத்துப் பத்து பயோடேட்டா பாத்துட்டேன். வேலைய விட்டுத் தூக்கினாங்கன்னு ஒருத்தரும் எழுதல. எல்லாரையும் மறுசீரமைச்சிருக்காங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டக்காரர் ஒருவர் போல அவரே பேசினார், நான் பதில் சொல்ல வேண்டும். ஐந்து தடவை செய்தோம். நான்கில் ஒளிந்திருந்த பயத்தை நான் பிடித்துவிட்டேன். ஐந்தாவது, தன் மகளின் பள்ளிக்கட்டணம் பற்றிப் போகிற போக்கில் ஒரு பெண் சொல்வது. அதை விட்டுவிட்டேன். "பரவால்ல, இது எங்க ஆளுங்களே விடறதுதான்" என்றார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு, அந்தக் கணக்கை மூடிய கதையை நான் சொல்லி முடித்ததும் கேட்டார்: "நவம்பர்ல மூடின கணக்கு. டிசம்பர்ல மாதச் சோதனை நடந்திருக்கணுமே. இது அதுல வந்துச்சா?"

"வந்துச்சு."

"யார் பாத்தது?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"விதிமுறைத் தலைவர் பேரக் கேட்ட இடத்துல பொது முகவரி போட்டிருக்கீங்க. அதுவும் இதுக்குத்தானா?"

மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

பேனாவை மூடி வைத்தார். "தம்பி, உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா இந்தப் பிரிவுல முதல் வேலையே பாத்ததச் சொல்றதுதான். கூட வேலை பாக்கறவர் தப்பு பண்ணா மறைக்கிறவரை நான் எங்க உக்கார வெப்பேன்? நீங்க அந்த ஆட்டக்காரர்கிட்ட செஞ்சதும் இதேதானே. அவருக்கும் நல்லதுதான் நெனச்சீங்க."

எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினேன்.

கதவு வரை வந்து வழியனுப்பினார். மரியாதையாகத்தான் நடத்தினார். இன்று காலை 'வருந்துகிறோம்' என்று கடிதம் வந்துவிட்டது. ரொமில்டா விமானக் கட்டணம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். உன் மேல் எனக்குக் கோபமில்லை. இருந்ததெல்லாம் அந்த ஐந்தாவது பெண்ணின் பேச்சோடு போயிற்று. அதை நானே விட்டேன், அதுவும் இரட்டை வேகத்தில் இல்லை.

ஜுர்கன்


க்ஸீரா, 12 மே

ஜுர்கன்,

எட்டாம் தேதி காலை எங்கள் நிர்வாக இயக்குநரிடம் போய், டிசம்பர் 4 தாளைப் பற்றியும் விசாரணையில் அதைக் கொடுக்காததைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சூதாட்ட ஆணையத்துக்கும் ஒரு பிரதி போகிறது. அவர் இரண்டு முறை படித்தார். "இத இப்ப எதுக்குக் கிளறணும் மார்ட்டீஸ்? அது முடிஞ்சு போன கேஸ்" என்றார். எனக்கு அது இன்னும் முடிந்துபோகவில்லை என்றேன். முடிவு வரும்வரை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மடிக்கணினியைக் கொடுத்துவிட்டேன். இதை என் மகளின் கணினியில் எழுதுகிறேன்.

எழுதிக் கொடுத்த பிறகுதான் போர்டெல்லிக்கு எழுதினேன். அந்த வரிசை முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. உன் பெயரைச் சொன்னேன், சோதனை செய்தது நான் என்று சொன்னேன். அவ்வளவுதான். நேற்று மதியம் அவரே கூப்பிட்டார். நீ எழுதியதைப் போல நானும் அப்படியே எழுதுகிறேன்.

"அவர் கேட்டு எழுதினீங்களா?"

"அவருக்குத் தெரியவே தெரியாது."

"உங்க பேரச் சொல்லிருந்தா அன்னிக்கே வேலை குடுத்திருப்பேன்."

"தெரியும். எனக்கு எழுதியிருந்தார்."

"அப்ப அவர் பண்ணது தப்புதானே?"

"தப்புதான். ஆனா அந்தப் பேர அவர் சொல்ல வேண்டிய நெலமைய உண்டாக்கினது நான். பத்து மாசமா வாய மூடிட்டு இருந்தேன். அவர் மூடினது ஒரு மணி நேரம்."

அவர் பக்கம் யாரோ காப்பி கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, இந்த மாதிரி விசாரணைகளில் எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"மறுபடி உங்ககிட்ட வேலைக்கு வந்தா இவர எடுப்பீங்களா?"

இந்தக் கேள்விக்கு இருபது வருடமாக நான் சொல்லிவந்த பதில் 'தயக்கமில்லாமல்'. ஏறக்குறைய எல்லோருக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். இம்முறை அப்படிச் சொல்லவில்லை. "தயங்குவேன். யோசிப்பேன். அப்புறம் எடுப்பேன்" என்றேன்.

"எதுக்குத் தயக்கம்?"

"பழகினவங்களுக்காக வாய மூடுவார். அது அவர்கிட்ட இருக்கு. நீங்கதான் அத மாத்தணும். மத்தபடி, ஒருத்தர் குரல்ல பயம் இருந்தா அவருக்குக் கேக்கும். ஒன்றரை வருஷம் முன்னாடியும் கேட்டுச்சு. 'புரியுது சார்'னு சொன்னாரே, அப்ப நெஜமாவே புரிஞ்சிருந்துச்சு. அதுதான் அவரத் தூங்க விடல."

நீ தூங்கவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். பொய்யானால் திருத்திக்கொள்.

ஆறு மாதம் சோதனைக் காலம், சம்பளம் நீ முன்பு வாங்கியதைவிடக் குறைவு என்கிறார். இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். இந்த முறை எல்லாவற்றையும் கேட்பார். என்னைப் பற்றியும் கேட்பார். சொல். நான் பக்கத்தில் இருந்து கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு எதையும் குறைத்துச் சொல்லாதே.

ரொமில்டாவிடம் விமானச் சீட்டை வியாழக்கிழமை வரை வாங்க வேண்டாம் என்று சொல். வியாழன், மே 15, காலை பத்து மணி, அதே இரண்டாவது மாடி. காலையில் ஸ்லீமா சாலை அடைத்துக்கொள்ளும். எட்டரை பஸ்ஸைப் பிடி.

மார்ட்டீஸ்